முடக்கியது முதுமையா?

“வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்!”

வீடுதோறும் கேட்கும் சொல் இது. முழங்கால் வலிக்கிறது என்கிறார் பெரியவர். வயதாகிவிட்டது என்கிறான் மகன். படி ஏற அச்சமாக இருக்கிறது என்கிறார் மூதாட்டி. வயதாகிவிட்டது என்கிறாள் மருமகள். நாளடைவில் முதியவரே, எவரும் கேளாமலே, “எனக்கு வயதாகிவிட்டது” என்று சொல்லத் தலைப்படுகிறார். வழக்கும் இல்லை, சாட்சியும் இல்லை, விசாரணையும் இல்லை. தீர்ப்பு மட்டும் இருக்கிறது! அந்தத் தீர்ப்பைக் கேட்டவர் கட்டிலிலே சாய்கிறார், சாய்ந்தவர் எழுவதில்லை. எழாததையே சான்றாகக் காட்டி, “சொன்னோமே, பார்த்தீர்களா?” என்கின்றனர் தீர்ப்பளித்தோர்.

ஆராயாமல் அளிக்கப்படும் எந்தத் தீர்ப்பையும் ஐயுறுவது பகுத்தறிவாளர் கடமை. ஆகவே கேட்போம்: முடக்கியது முதுமைதானா? அல்லது முதுமையின் பெயரிலே வேறு ஏதோ ஒன்று, அச்சமோ, துயரமோ, நம்பிக்கை இழப்போ, அவர் கால்களைக் கட்டிப்போட்டதா? இந்தக் கேள்வியை மருத்துவ உலகம் உறுதியுடன் கேட்கத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது, அவ்வளவுதான். கேட்டவர்கள் யார், கண்ட விடை என்ன என்பது நமது இளைஞர்கள் அறியவேண்டிய வரலாறு.

இக்னாஸ் நாஷர் என்பவர் வியன்னாவிலே பிறந்து அமெரிக்காவிலே மருத்துவரானவர். அவர் மாணவராக இருந்த நாளிலே, ஏழையர் விடுதியில் ஒரு மூதாட்டி தம் உடல்நோவைச் சொல்லி முறையிட்டாராம். ஆசிரியரிடம் காரணம் கேட்டார் மாணவர். முதுமைதான் காரணம் என்றார் ஆசிரியர். அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டார் மாணவர். ஒன்றும் செய்வதற்கில்லை என்று கூறி அடுத்த கட்டிலுக்கு நடந்தார் ஆசிரியர்! அந்த விடை நாஷரின் உள்ளத்திலே முள்ளாய்த் தைத்தது. குழந்தைகளுக்கென்று தனி மருத்துவம் இருக்கிறதே, முதியோருக்கு ஏன் இருக்கலாகாது என்று எண்ணினார். 1909ஆம் ஆண்டு அந்த மருத்துவத்துக்கு ‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். 1914ஆம் ஆண்டு நூலும் எழுதி வெளியிட்டார். பெயர் பிறந்தது. ஆனால் பெயர் பிறந்ததாலேயே பிணி தீர்ந்துவிடுமா? அதற்குச் செயல் வேண்டும். செயல் இங்கிலாந்திலே பிறந்தது; செய்தவர் ஒரு பெண்.

அந்தக் கதையைச் சொல்லுமுன், இங்கிலாந்தின் ஏழையர் விடுதி எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டும். 1834ஆம் ஆண்டு திருத்தப்பட்ட ஏழையர் சட்டம் ஒரு கொடிய கோட்பாட்டின் மேல் கட்டப்பட்டது. விடுதியின் உள்ளே வாழ்வு, வெளியே உழைத்துப் பிழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் வாழ்வைவிடத் தாழ்ந்ததாகவே இருக்கவேண்டும் என்பதே அது. இல்லாவிடில் சோம்பேறிகள் திரண்டு வந்துவிடுவார்களாம்! ஆண்டுகள் செல்லச் செல்ல, உள்ளே வந்து நிறைந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். உழைத்து ஓய்ந்த முதியவர்கள், நோயாளிகள், நாதியற்றவர்கள். கணவன் ஒரு கூடத்திலே, மனைவி மற்றொரு கூடத்திலே. நோய் இன்னதென்று ஆராய்வாரில்லை, எழுப்பி நடத்துவாரில்லை. கட்டில் கொடுத்தார்கள்; கட்டிலே கல்லறைக்கு முன்கட்டாயிற்று. அந்த விடுதிகளை நடத்திய குழுக்கள் 1930ஆம் ஆண்டு கலைக்கப்பட்டன. பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களிடம் வந்தது. கட்டிலிலே கிடந்தவர்கள் மட்டும் கிடந்தபடியே கிடந்தனர்.

1935ஆம் ஆண்டு, லண்டனை அடுத்த ஐசல்வொர்த்தில் இருந்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையுடன், பக்கத்திலிருந்த பழைய ஏழையர் விடுதியின் நோயாளிக் கூடங்கள் இணைக்கப்பட்டன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு டாக்டர் மார்ஜரி வாரன் அம்மையாரிடம் வந்தது. 1897ஆம் ஆண்டு பிறந்தவர். அறுவை மருத்துவத்திலே பயின்றவர். அவர் முன்னே நீண்டகால நோயாளிகள் 714 பேர்! தீராத நோயாளிகள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். ஆண்டுக்கணக்கிலே படுத்தே கிடந்தவர்கள்.

அம்மையார் என்ன செய்தார்? அற்புதம் நிகழ்த்தினாரா? இல்லை. ஒவ்வொருவரையும் ஆராய்ந்தார், அவ்வளவுதான். பிறகு, படுத்திருக்கவேண்டியவர் யார், படுக்க வைக்கப்பட்டவர் யார் என்று பிரித்தார். மங்கிய சுவர்களுக்கு வெளிர் வண்ணம் பூசச் செய்தார். நல்ல விளக்குகள் வைத்தார். கட்டில்களுக்கு வண்ண விரிப்புகள் தந்தார். பிடித்து நடக்கக் கைப்பிடிகள், எழுந்து உட்கார ஏற்ற நாற்காலிகள் அமைத்தார். பக்கவாதத்தால் விழுந்தவர்க்கும் கால் இழந்தவர்க்கும் பயிற்சி கொடுத்தார். பலர் எழுந்தனர், நடந்தனர், வீடு திரும்பினர். எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டில்கள் இருந்த இடத்திலே 240 கட்டில்களே போதும் என்ற நிலை வந்தது.

1943ஆம் ஆண்டிலும் 1946ஆம் ஆண்டிலும் அவர் மருத்துவ ஏடுகளிலே எழுதிய கட்டுரைகள் முதியோர் மருத்துவத்தின் அடிக்கற்கள். நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று 1946ஆம் ஆண்டுக் கட்டுரையிலே இருக்கிறது. படுத்த படுக்கையானவரின் சீரழிவை அவர் எங்கிருந்து தொடங்குகிறார் தெரியுமா? தசையிலிருந்து அன்று, எலும்பிலிருந்து அன்று, உள்ளத்திலிருந்து தொடங்குகிறார்! இனிக் குணமாகமாட்டோம் என்ற எண்ணம் வருகிறது. தன் கையை நம்பி வாழும் வாழ்வு போயிற்று என்று உணர்கிறார் நோயாளி. தன்மதிப்பு தேய்கிறது. சிடுசிடுப்பும் சலிப்பும் தலையெடுக்கின்றன. சுற்றுப்புறத்திலே நாட்டம் இல்லாதவர் அசையாமல் கிடக்கிறார்; சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகிறது; படுக்கைப் புண் வருகிறது; மூட்டுகள் மடங்கி இறுகுகின்றன; கடைசியிலே, எதற்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் உடல் மட்டும் மிஞ்சுகிறது. நம்பிக்கை முதலில் சாகிறது, நடை பிறகு சாகிறது என்பதே அந்த அம்மையார் கட்டில்களின் இடையே நடந்து கண்ட உண்மை. 1960ஆம் ஆண்டு சாலை விபத்தொன்றிலே அவர் மறைந்தார். கண்ட உண்மை மறையவில்லை.

அதே காலத்திலே மற்றவர்களும் குரல் எழுப்பினர். 1947ஆம் ஆண்டு ரிச்சர்டு ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், படுக்கையால் விளையும் கேடுகளை உறுப்பு உறுப்பாகப் பட்டியலிட்டுப் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டிலே எழுதினார். நுரையீரலிலே சளி தேங்கும், காலிலே குருதி உறையும், தசை மெலியும், எலும்பு சுண்ணச்சத்தை இழக்கும், மனம் சோரும் என்றார். ஓய்வு கொடுக்கிறோம் என்று எண்ணிப் பலர் நோயைக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது! எசெக்ஸிலே ஆர்செட் மருத்துவமனையில் லயனல் காசின் என்பவர், இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டியரைச் சாகும்வரை கிடத்திவைக்கும் வழக்கத்தை உடைத்தார். அறுவை செய்து, எழுப்பி, நடக்கச் செய்தார். பின்னர் ஆக்ஸ்போர்டிலே, பகலிலே வந்து பயிற்சி பெற்று மாலையிலே வீடு திரும்பும் பகல்நேர மருத்துவமனையை அமைத்தார். அதற்கென்றே கட்டிய கட்டடம் 1958ஆம் ஆண்டு எழுந்தது.

வீடு திரும்பும்! இங்கேதான் நம் வரலாறு மருத்துவமனை வாயிலைக் கடக்கிறது. ஏனெனில் முதியோரில் மிகப் பெரும்பாலோர் என்றும் மருத்துவமனையிலே இருந்ததில்லை; வீட்டிலேதான் இருந்தனர், இருக்கின்றனர். வீட்டுக்குள்ளே அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எவர் சென்று பார்த்தார்?

டாக்டர் ஜோசப் ஷெல்டன் சென்று பார்த்தார். உல்வர்ஹாம்ப்டன் என்ற தொழில் நகரத்திலே, உணவுப் பங்கீட்டு அட்டைப் பதிவுகளிலிருந்து பெயர்களைப் பொறுக்கியெடுத்து, 477 முதியோரை அவர்கள் இல்லங்களிலேயே கண்டு விசாரித்தார். அவரது அறிக்கை 1948ஆம் ஆண்டு வெளிவந்தது. பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்டுவிட்டனர் என்று பொதுவிலே பேசப்பட்ட பேச்சு பெரிதும் பொய் என்று அது காட்டியது. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. அந்த ஆள் பெரும்பாலும் மனைவி அல்லது மகள். அவர்களே தாங்கமுடியாமல் களைத்துப்போயினர் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். 1960ஆம் ஆண்டு மற்றோர் ஆராய்ச்சியை வெளியிட்டார். 202 பேர் கீழே விழுந்த 500 நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது அது. மாடிப்படி, மங்கிய வெளிச்சம், தலைசுற்றல், திடீரெனக் கால் மடங்குதல் எனக் காரணங்கள் பிரிந்தன. ‘வயதானால் விழத்தான் செய்வார்கள்’ என்ற ஒற்றைச் சொல் அங்கே உடைந்து சிதறியது.

ஆனால் விழுந்தபின் நடப்பது என்ன? காயம் ஆறிவிடுகிறது, எலும்பு கூடிவிடுகிறது, நடை மட்டும் திரும்புவதில்லை. ஏன்? 1982ஆம் ஆண்டு, பர்மிங்ஹாமிலே முதியோர் மருத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்டு ஐசக்ஸும் அவரது துணைவர் மர்பியும் இதற்கு விடை கண்டனர். கீழே விழுந்து மருத்துவமனைக்கு வந்த முதியோர் பலர், நடக்க எழுந்ததும் எதிரே அகப்பட்டதை எல்லாம் எட்டிப் பற்றினர். பற்ற ஒன்றும் இல்லையென்றால் அடியெடுத்து வைக்க அஞ்சினர். விழுந்தது உடல் ஒருமுறை. உள்ளமோ ஒவ்வொரு அடியிலும் விழுந்துகொண்டிருந்தது!

அச்சம் எப்படிக் காலை முடக்குகிறது? மந்திரத்தால் அன்று, நேரடியான வழியால். அஞ்சுகிறவர் நடப்பதைக் குறைக்கிறார். நடக்காத காலின் தசை மெலிகிறது. மெலிந்த கால் தள்ளாடுகிறது. தள்ளாடும் கால் மீண்டும் விழச் செய்கிறது. விழுந்ததும் அச்சம் இருமடங்காகிறது. விழக்கூடாது என்பதற்காக நடக்காமல் இருந்தவர், நடக்காமல் இருந்ததாலேயே விழுகிறார்!

இந்த அச்சத்தை அளக்க முடியுமா? முடியும் என்றார் அமெரிக்காவிலே யேல் பல்கலைக்கழகத்து டாக்டர் மேரி டினெட்டி அம்மையார். 1977ஆம் ஆண்டு ஆல்பர்ட் பண்டூரா என்ற உளநூல் அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார். ஒருவருக்கு ஒரு செயலைச் செய்யும் ஆற்றல் இருப்பது வேறு, தன்னால் செய்ய இயலும் என்ற நம்பிக்கை இருப்பது வேறு; நம்பிக்கை இல்லையேல் ஆற்றல் இருந்தும் செயல் நிகழாது என்பது அதன் சாரம். அதனை அடிப்படையாக வைத்து, 1990ஆம் ஆண்டு டினெட்டி அம்மையார் பத்துக் கேள்விகள் அமைத்தார். குளித்தல், உடை உடுத்தல், நாற்காலியிலிருந்து எழுதல், வீட்டுக்குள் நடத்தல், எளிய உணவு சமைத்தல் போன்ற அன்றாடச் செயல்களை விழாமல் செய்வோம் என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள் என்பதே கேள்வி. ஒருமுறையும் விழாத முதியோரிடமும் இந்த அச்சம் குடியிருப்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின.

அளந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. வீட்டிலே வாழும் 70 வயது கடந்த 301 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்துகளைச் சரிசெய்து, பாதுகாப்பான பழக்கங்களைக் கற்பித்து, தசைக்கும் நடைக்கும் பயிற்சி கொடுத்தார். ஓராண்டு முடிவிலே, உதவி பெற்ற பிரிவிலே விழுந்தவர்கள் நூற்றுக்கு 35 பேர். மற்றப் பிரிவிலே 47 பேர். 1994ஆம் ஆண்டு வெளிவந்த கணக்கு இது. விதி என்று சொல்லப்பட்டது, பயிற்சிக்கு வழிவிட்டது!

அச்சத்தைப் போன்றே அரிப்பது துயரம். பீட்டர் டவுன்செண்ட் என்ற சமூகவியல் அறிஞர், கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் தொழிலாளர் பகுதியிலே 203 முதியோரைக் கண்டு 1957ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். தனியே வாழ்பவர் அனைவரும் தனிமையால் வாடவில்லை. அண்மையிலே வாழ்க்கைத் துணையையோ நெருங்கிய உறவையோ இழந்தவரே, நாலு பேர் நடுவே இருந்தும் வாடினர் என்று அவர் கண்டார். ஆள் இல்லாமை அன்று, அன்புக்குரிய அந்த ஓர் ஆள் இல்லாமையே வாட்டியது.

அந்த வாட்டம் உள்ளத்தோடு நின்றுவிடுமா? 1998ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ ஏடொன்றிலே பிரெண்டா பென்னிங்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை. 71 வயதும் அதற்கு மேலும் ஆன 1,286 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தனர். மனச்சோர்வின் அறிகுறிகள் மிகுந்திருந்தவர்களுக்கு உடல் ஆற்றல் மற்றவர்களைவிட மிகுதியாகக் குறைந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘சோர்ந்தவர் இல்லாத குறையையும் சொல்லிப் புலம்புவார்’ என்று ஒதுக்கிவிட முடியாது; ஏனெனில் அவர்கள் வாய்ச்சொல்லை மட்டும் கேட்கவில்லை. நிற்கச் சொல்லி, நடக்கச் சொல்லி, நாற்காலியிலிருந்து எழச் சொல்லி அளந்து பார்த்தார்கள். துயரம் காலிலே தெரிந்தது!

மூன்றாவது ஒன்றும் உண்டு. முதுமையைப் பற்றி முதியவர் கொண்டிருக்கும் எண்ணம். 1975ஆம் ஆண்டு, ஓகையோ மாநிலத்து ஊரொன்றிலே, 50 வயது கடந்தவர்களிடம் தங்கள் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிவைத்திருந்தார்கள். அவர்களில் 660 பேரின் பிற்கால வாழ்வை பெக்கா லெவி அம்மையாரின் குழுவினர் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். முதுமையை நல்லவிதமாக எண்ணியவர்கள், இழிவாக எண்ணியவர்களைவிட ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தனர். வயது, வசதி, தனிமை, உடல்நிலை ஆகிய வேறுபாடுகளைக் கணக்கிலே கழித்த பிறகும் எண்ணத்தின் தொடர்பு மறையவில்லை. கிழம், சுமை, வீட்டின் மூலையிலே கிடக்கவேண்டியது என்று ஊரார் சொல்லும் சொற்களை இளமையிலே நாமும் சொல்கிறோம். முதுமையிலே அவையே நம்மைப் பற்றிய நம் எண்ணமாகி நம் மேலேயே பாய்கின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். “நோய் வந்ததால்தான் மனம் சோர்கிறது, நீங்கள் மனம் சோர்ந்ததால் முடக்கம் வந்தது என்கிறீர்களே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மை இருவழிப் பாதை. பக்கவாதம் மனத்தைச் சோரச் செய்கிறது. சோர்ந்த மனம் பக்கவாதத்திலிருந்து எழுவதைத் தடுக்கிறது. ஆகவே, “மனத்திடம் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்” என்று முதியவரிடம் உபதேசம் செய்வதும் மற்றொரு மூடநம்பிக்கையே! தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான். மங்கிய கண் மங்கியதுதான். முடங்கியவரை ‘முயற்சி இல்லாதவர்’ என்று பழிப்பது, ‘விதி’ என்று கைவிடுவதைவிடக் கொடியது. மருந்து வேண்டும், கண்ணாடி வேண்டும், கைத்தடி வேண்டும், வலிக்கு மருத்துவம் வேண்டும். அவற்றோடு மனச்சோர்வுக்கும் மருத்துவம் வேண்டும் என்பதே வாதம். 2001ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் ஏற்ற வகைப்பாடும், இயலாமை என்பது உடலுக்குள் மட்டும் இருப்பது அன்று, மனிதனுக்கும் அவன் சூழலுக்கும் இடையே பிறப்பது என்றே கூறுகிறது.

அந்தச் சூழலிலே நாமும் இருக்கிறோம்! மார்கரெட் பால்டஸ் என்ற ஜெர்மன் உளநூல் அறிஞரின் ஆராய்ச்சி நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் பொருந்தும். முதியவர் தாமே சட்டை அணிந்துகொண்டால் எவரும் கவனிப்பதில்லை; ‘முடியவில்லை’ என்றால் உடனே ஓடிவந்து அணிவிக்கிறார்கள். விடுதியிலும் இப்படி, வீட்டிலும் இப்படி என்று கண்டார் அவர். இயன்றபோது கிடைக்காத பரிவு, இயலாதபோது கிடைக்கிறது! அன்பினாலே செய்கிறோம், அந்த அன்பே அவர் கையிலிருந்த வேலையைப் பறிக்கிறது. பறிக்கப்பட்ட வேலையோடு, செய்யும் ஆற்றலும் போகிறது.

நமது நாட்டிலும் இந்த அறிவு வந்து சேர்ந்தது. 1978ஆம் ஆண்டு, சென்னை அரசு பொது மருத்துவமனையிலே முதியோர்க்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி. எஸ். நடராசன், இந்தியாவிலேயே இத்துறைக்கு முன்னோடி அவர். நாஷர் பெயர் சூட்டி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. காலம் தாழ்ந்தது உண்மை, ஆயினும் வந்தது. ஆனால் மருத்துவமனை வந்துவிட்டதாலேயே மனப்பான்மை மாறிவிடுகிறதா? “வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்” என்ற சொல் வீட்டு வாயிலிலே காவல் நிற்கிறவரை, அந்த வாயிலைத் தாண்டி எத்தனை பெரியவர்கள் மருத்துவரிடம் செல்வார்கள்?

இளைஞர்களே! மேடையிலே விதியை எதிர்த்து முழங்குவது எளிது. வீட்டு மூலையிலே கட்டிலின் வடிவிலே கிடக்கும் விதியை எதிர்ப்பது கடினம். அங்கேதான் தொடங்கவேண்டும். முதியவர் விழுந்தால், வயதின் மேல் பழிபோடாமல் காரணம் தேடுங்கள்: விளக்கு மங்கலா, வாசற்படி உயரமா, மருந்து மிகுதியா, கண் மங்கிவிட்டதா? உண்ண மறுத்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். அது மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். வீட்டுச் செய்திகளிலே அவர் கருத்தைக் கேளுங்கள். பார்த்துக்கொள்ளும் சுமை முழுவதையும் வீட்டுப் பெண்களின் தலையிலே ஏற்றிவிட்டு ஒதுங்காதீர்கள். உங்கள் பங்கை நீங்கள் சுமந்திடுங்கள்.

மார்ஜரி வாரன் அம்மையார் அந்த 714 கட்டில்களின் நடுவே நின்றபோது அவரிடம் புதிய மருந்து ஏதும் இல்லை. இவர்கள் எழமுடியாதவர்கள் என்று பிறர் சொன்னதை ஆராயாமல் நம்ப மறுத்தார். அந்த மறுப்பே முதல் மருந்தாயிற்று. இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவர் தண்ணீர் கேட்டால், செம்பைக் கட்டிலுக்கு எடுத்துச் செல்லுமுன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அவரால் எழ இயலுமானால், செம்புக்குப் பதிலாக உங்கள் கையை நீட்டுங்கள். பற்றிக்கொண்டு எழட்டும், நான்கு அடி நடந்து வந்து, தம் கையாலேயே மொண்டு பருகட்டும்.